பத்துப் பேரும் என் வீட்டு ஆட்கள்

மே 19

ஊர்க்கூடத்துப் போர்வைகளை வெயிலில் போட்டுத் தடியால் அடித்தேன். ஒன்றில் போன வருஷத்துச் சோயாக் கறை அப்படியே இருக்கிறது. பெல்ஜியத்துப் பையன் போர்த்தியிருந்தது. எல்லோரும் சேர்ந்து நின்ற படத்தை ஊருக்குப் போனதும் அனுப்புகிறேன் பாட்டி என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். அனுப்பவில்லை. பெயர் யோரிஸ். மறக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்துப் பேர் வருகிறார்கள். பூண்டு பிடுங்க. வெளிநாட்டிலிருந்து சொந்தக் காசில் விமானம் ஏறி, சம்பளம் வாங்காமல் அடுத்தவன் வயலில் வேலை செய்ய வருகிற பிள்ளைகள். இது நாலாவது வருஷம். சியோல் அலுவலகம் ஆள் அனுப்பும். அவர்களுக்கு இடம், சாப்பாடு, வேலை மூன்றையும் ஊரில் ஏற்பாடு செய்வது நான். ஒருங்கிணைப்பாளர் என்று அட்டை கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு அவ்வளவு நீளமான வேலை.

மதியம் சியோலிலிருந்து தோ அம்மாள் பேசினாள். எங்களை மாதிரி ஊர்களையெல்லாம் மேய்ப்பவள் அவள். தேன் தடவின குரல்.

"பாட்டிம்மா, போன வருஷம் வந்தவங்க 'வேலையே குடுக்கல, சோறு மட்டும் போட்டாங்க'ன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க. இந்த வருஷமும் அப்படியே எழுதினா உங்க ஊரை எடுத்துடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

எடுத்துவிட்டால்? பத்தொன்பது வீட்டில் இளசு என்றால் அறுபத்தாறு வயது. வருஷத்துக்கு ஒரு வயல் நாணல் காடாகிறது. இன்னும் கொஞ்ச காலத்தில் பேருந்தே நிற்காது.

மே 21

வீடு வீடாகப் போனேன், எந்த வயலுக்கு எந்த நாள் என்று முடிவு செய்ய. போன வருஷத்துக் கதைதான்.

பேக் கிழவர்: "எங்களுக்கு எதுக்கு? வாண்டோக்காரி வீட்டுக்கு அனுப்பு. பாவம், தனிக்கட்டை."

வாண்டோக்காரி: "எனக்கென்ன கேடு? பேக் வீட்டுக்கு அனுப்பு. கெழவருக்கு முட்டி போயிடுச்சு."

இப்படியே பந்து மாதிரி என்னை உதைத்து ஊர் முழுக்கச் சுற்றவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காகிதக் கோப்பை இனிப்புக் காப்பி வேறு.

ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. எதிர்வீடு. நாஜுக்காரி.

எங்கள் பக்கத்தில் வாழவந்த பெண்களைப் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவள் நாஜுவிலிருந்து வந்தவள், நான் யோசுவிலிருந்து வந்தவள். என்னைவிட நாலு வயது மூத்தவள். ஒரு காலத்தில் அக்கா அக்கா என்று அவள் பின்னாலேயே சுற்றினேன். சியோலில் ஒலிம்பிக் நடந்த வருஷம் அவள் வயலில் மூன்று நாள் நடவு நட்டேன். கைமாற்று வேலை: உன் வயலுக்கு நான், என் வயலுக்கு நீ. என் முறை வந்தபோது அவள் வரவில்லை. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில். எட்டு வயது மகனை வயலில் இறக்கி நாங்கள் இரண்டு பேரும் நட்டோம். பத்து நாள் கழித்து அவள் மகன் ஒரு உறையைக் கொண்டுவந்து நீட்டினான். உள்ளே மூன்று நாள் கூலி. கூலி! அக்காள் தங்கையாக இறங்கி நட்டவளுக்குக் கூலி. சுவருக்கு மேலே வீசி எறிந்தேன், அவள் முற்றத்தில் போய் விழுகிற மாதிரி. அன்றைக்கு நின்ற பேச்சு.

மே 24

வந்துவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைகீழாகப் பிடித்திருந்தேனாம். போரம் வந்து திருப்பி வைத்தாள். போரம்தான் கூடவே இருந்து மொழி சொல்பவள். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று இன்னும் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்பேன்.

பத்துப் பேரில் இரண்டு பெயர்தான் இன்று நாக்கில் நின்றது. எஸ்தோனியாவிலிருந்து ரஸ்முஸ்: கூடத்து நிலைப்படியில் வந்ததும் தலையை இடித்துக்கொண்டான், அவன் காலுக்கு ரப்பர் செருப்பு இந்த மாவட்டத்திலேயே கிடையாது. மெக்சிகோவிலிருந்து ஹிமேனா: கறி சாப்பிட மாட்டாள், மிளகாயை மட்டும் வெறும் வாயில் மெல்லுகிறாள். நம் மிளகாய் காரமே இல்லையாம். சரி, பார்ப்போம்.

எல்லோருக்கும் பூப்போட்ட வேலைக் காற்சட்டை கொடுத்தேன். ரஸ்முஸுக்கு முழங்காலோடு நின்றுவிட்டது.

மே 25

மானம் போயிற்று.

காலை ஏழு மணிக்குப் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு பேக் கிழவர் வயலுக்குப் போனால், பூண்டைக் காணோம். கிழவரும் கிழவியும் விடியுமுன் இறங்கி முக்கால் வயலைப் பிடுங்கி, கட்டி, அடுக்கிவிட்டிருக்கிறார்கள். கிழவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சேறு.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"விருந்தாளிங்க வர்றப்போ வயல் அலங்கோலமா கிடந்தா நல்லாவா இருக்கும்?"

"அலங்கோலத்தைச் சரி பண்ணத்தானே அவங்க வர்றாங்க!"

"அதான் சரி பண்ணிட்டோமே. அவங்கள சாப்பிடச் சொல்லு."

கிழவி பாய் விரித்து இறக்க இறக்க வந்துகொண்டே இருந்தது. நூடுல்ஸ், வெங்காயத்தாள் தோசை, அரிசிக் கள். பத்துப் பேரும் மரத்தடியில் உட்கார்ந்து பொழுது சாய்கிற வரைக்கும் தின்றார்கள். ரஸ்முஸ் போரத்தின் காதில் ஏதோ சொன்னான். என்ன என்றேன்.

"நம்ம மேல இவங்களுக்கு ஏதாவது கோவமான்னு கேக்கிறான், பாட்டி."

மே 26

இன்று வாண்டோக்காரி முறை. அவள் கதவைப் பூட்டிவிட்டு ஒளிந்துகொண்டாள். வீட்டுப் பின்னால் ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவில் குந்தியிருந்தாள். தலைத்துண்டு தெரிந்தது.

"எந்திரி. தெரியுது."

"நான் இங்க இல்ல."

"பத்துப் பேரு வாசல்ல நிக்கிறாங்க."

"அய்யோ, என் கிழிஞ்ச வயலுக்கு வெள்ளைக்காரப் பிள்ளைங்களா? முடியாது யோசுக்காரி. நான் செத்தா எந்த முகத்தோட போவேன்?"

ஹிமேனா ஜாடி மறைவில் எட்டிப் பார்த்து, கையாட்டி, வணக்கம் என்றாள் நம் பேச்சில். வாண்டோக்காரி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள்.

மே 27

கூடத்து ஜன்னல்களைத் துடைக்கவைத்தேன். போன வாரம் நானே துடைத்த ஜன்னல்கள்.

மே 28

தோ அம்மாள் பேசினாள். இடைக்கால அறிக்கை என்று ஒன்று உண்டாம், பிள்ளைகள் எழுதி அனுப்பிவிட்டார்கள். "நாங்கள் இங்கே தேவைப்படவில்லை." எல்லோரும் அதையே.

தேவைப்படலையாம்! யாருக்குத் தேவைப்படல? முட்டி வீங்கிக் கெடக்கே பேக் கெழவருக்கு, அவருக்கா? வருஷா வருஷம் பாதிப் பூண்டை மண்ணுக்கே விட்டுட்டு வீட்டுக்கு வந்து அழுவாளே வாண்டோக்காரி, அவளுக்கா? தேவைப்படலையாம்.

போரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பாட்டி, இவங்க ஏன் வாங்கிக்க மாட்டேங்கிறாங்க? பிடிக்கலையா?"

பட்டணத்துப் பெண். எப்படிச் சொல்லுவது? ஒருவர் உன் வயலில் ஒரு நாள் குனிந்தால், அவர் வயலில் நீ ஒரு நாள் குனிய வேண்டும். குனியாவிட்டால் நீ ஊரில் நிமிர்ந்து நடக்க முடியாது. இந்தப் பிள்ளைகளுக்கு எங்கே போய்க் குனிவது? பேக் கிழவர் நேற்று என்னிடம் கேட்டார்:

"மெக்சிகோவுக்குப் போய் யாரு களை எடுப்பா? நீ எடுப்பியா?"

வாங்கினால் திருப்ப முடியாத வேலையை வாங்கமாட்டார்கள். அதற்கு முட்டியைப் போக்கிக்கொள்வார்கள். நானும் வாங்கமாட்டேன். சத்தியமாக வாங்கமாட்டேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, உனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றும் கேட்டுவிட்டேன். எழுந்து போய்விட்டாள்.

மே 29

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

ஊர்த்தலைவரிடம் சொல்லி ஒலிபெருக்கியில் எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிடவைத்தேன். ஜூன் எட்டு மடை திறக்கிறார்கள். ஏரித் தண்ணீர் வந்துவிட்டால் அதே வயலில் நெல் நடவுதான். பூண்டு மண்ணில் இருந்தால் ஊறிச் சாகும். அதைப் பேச என்று நினைத்துத்தான் வந்தார்கள். நாஜுக்காரியும் வந்திருந்தாள், வழக்கம்போல என் முகம் தெரியாத மூலையில்.

எழுந்து நின்றேன்.

"இந்தப் பத்துப் பேரும் இன்னையிலேர்ந்து என் வீட்டு ஆளுங்க. என் போர்வையில தூங்குறாங்க, என் பானையில திங்கிறாங்க. அவங்க உங்க வயல்ல செய்யிற வேலை நான் செய்யிற வேலை. நீங்க மெக்சிகோவுக்கும் போக வேண்டாம், எஸ்தோனியாவுக்கும் போக வேண்டாம். எனக்குத் திருப்புங்க. ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள்."

ஊர்த்தலைவர் காதைச் சொறிந்தார்.

பேக் கிழவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "உன் கையகல நெலத்துக்கு இத்தனை ஆளை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?"

"அது என் பாடு."

"மறந்துட்டா?"

கூடமே சிரித்தது. யாரோ சொன்னார்கள்: "யோசுக்காரியா மறப்பா? என் கல்யாணத்துல நான் வாங்கிட்டுப் போன கிண்ணத்தை இன்னும் கேட்டுக்கிட்டிருக்கா."

அது நிஜம். பித்தளைக் கிண்ணம். இன்னும் வரவில்லை.

வாண்டோக்காரி, "இவ கணக்குல ஏறினா செத்தாலும் தப்பிக்க முடியாதுடி அம்மா" என்றாள். ஆனால் சொன்னபோது அவள் முகம் தெளிந்திருந்தது. அப்போதுதான் பிடிபட்டது எனக்கு. நான் விடமாட்டேன் என்பதுதான் இவர்களுக்குத் தெம்பு. மறந்துபோகிறவளிடம் யார் கடன் வைப்பார்கள்?

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எனக்கு மூணு பேர் ரெண்டு நாள். எனக்கு நாலு பேர் ஒரு நாள். ஊர்த்தலைவர் எழுதப் போனார். பேனாவை வையுங்கள் என்றேன்.

கடைசியில் நாஜுக்காரி எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஊர்த்தலைவரிடம் சொன்னாள்:

"அந்தப் பொம்பள கணக்குல ஏறறதுக்கு என் பூண்டு மண்ணுலயே அழுகட்டும்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அழுகட்டும். எனக்கென்ன.

மே 30

பேக் கிழவர் வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார்! பிள்ளைகள் பிடுங்கினார்கள். ரஸ்முஸ் இழுத்த இழுப்பில் பூண்டு கையோடு வந்து மல்லாக்க விழுந்தான். கிழவர் சிரித்துச் சிரித்து இருமினார். முதல் நாள் என்பதால் பாதித் தாளை அறுத்துவிட்டார்கள். பரவாயில்லை.

மே 31

இன்று வாண்டோக்காரி வயல். நாலு பேர். அவள் ஒளியவில்லை. மாறாக நாள் முழுக்க அதட்டிக்கொண்டே இருந்தாள். "ஆட்டாத! நேரா இழு! நேரா!" போரம் மொழிபெயர்க்கவேண்டிய தேவையே வரவில்லை. மாலையில் ஹிமேனா சொன்னாளாம், இன்றைக்குத்தான் நாங்கள் வந்தோம் என்று.

ஜூன் 1

விடியற்காலையில் நாஜுக்காரி வரப்பில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். தனியாகப் பிடுங்கப் போயிருக்கிறாள், எழுபத்தெட்டு வயதில். ஊர்த்தலைவர்தான் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். மகன் புசானில். வர முடியாதாம். அந்த மகன்தான் உறையை நீட்டினவன்.

பிள்ளைகள் இறங்க நாள் குறிக்காத வயல் இப்போது ஊரில் அவளுடையது மட்டும்.

மத்தியானம் ஒரு கூத்து. நாங்கள் தினம் அந்த வயலைத் தாண்டித்தானே போகிறோம்? ஹிமேனா போரத்திடம், இதை ஏன் விட்டுவிட்டுப் போகிறோம் என்று கேட்டிருக்கிறாள். போரம் ஏதோ மழுப்பியிருக்கிறாள். அந்தப் பெண் நேரே இறங்கி ஒரு வரிசையைப் பிடுங்கிவிட்டாள். நல்லது செய்கிற நினைப்பு. நாஜுக்காரி வீட்டிலிருந்து ஓடிவந்தாள். கத்தவில்லை. மண்ணில் உட்கார்ந்து, பிடுங்கின பூண்டையெல்லாம் ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாகத் திரும்பப் புதைத்தாள். ஒரு வரிசை முழுக்க. ஹிமேனா பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

நான் தெருவில் நின்று பார்த்தேன். சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

ஜூன் 2

ஊர்த்தலைவர் காலையிலேயே வந்து குந்தினார். "ரெண்டு பேரும் எத்தனை நாளைக்கு? நீ சின்னவ. போய் மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது."

"எனக்கு மன்னிக்கத் தெரியாது. வேற சொல்லுங்க."

"எட்டாம் தேதி மடை தெறந்தாகணும். அவ பூண்டு நின்னாலும் தெறந்துதான் ஆகணும். முங்கிப்போகும். பாத்துக்கிட்டு நிப்பியா?"

நிற்பேனா? நாள் முழுக்க இதுவே மண்டையில். அழுகட்டும் என்றவள் அவள். ஆனால் தோ அம்மாளுக்குப் பிள்ளைகள் எழுதும்போது, ஒரு வயல் முங்கினதைப் பார்த்தோம், யாரும் எங்களை இறங்கவிடவில்லை என்று எழுதுவார்கள். எழுதாவிட்டாலும், நான் பார்த்திருப்பேனே.

மன்னிக்க வேண்டியதில்லை, வசூலிக்கலாமே. ஏன் இத்தனை வருஷம் தோன்றவில்லை?

சாயங்காலம் அவள் வாசலில் போய் நின்று இருமினேன்.

"யாரு?"

"குரல் தெரியாமலா கேக்கிற?"

பிறகு கதவு ஒரு கை அகலம் திறந்தது. தெருவில் தினம் பார்க்கிற முகம்தான். கிட்டத்தில் பார்த்தால் கிழவியாகிவிட்டாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"இல்ல."

"மன்னிக்க வந்தியா?"

"அதுவும் இல்ல. பாக்கி வசூலிக்க வந்தேன். மூணு நாள்."

"அதான் குடுத்து அனுப்பினேனே. சுவத்துக்கு மேல வீசினது யாரு?"

"ஆள் கேட்டேன். காசா கேட்டேன்? உன் வீட்டுக் கூலிக்காரியா நான்?"

"ஏன் வரலைன்னு ஒரு நாள் கேட்டியா?"

"நீ சொன்னியா?"

"நீ கேக்கல."

"நீ சொல்லல."

அவள் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "கை ஒடிஞ்சு கெடக்கிறப்பதான் வசூலிக்கத் தோணுதா? நல்ல பொம்பள."

"ஒடிஞ்சது இடது கை. வலது கை சும்மாதானே இருக்கு? நாளையிலேர்ந்து மூணு நாள் கூடத்துச் சமையலுக்கு வா. பதினோரு வாய்க்குப் பொங்கணும், எனக்கு ஒத்தையில முடியல."

"வரலைன்னா?"

"இன்னொரு முப்பது வருஷம் ஆகட்டும். எனக்கென்ன அவசரம்?"

கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 3

எனக்கு முன்னால் வந்து அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். என் சமையல் கவசத்துணியைக் கட்டியிருந்தாள். கேட்கவில்லை, எடுத்துக் கட்டியிருந்தாள்.

நாள் முழுக்க என்னிடம் பேசியது இரண்டு பேச்சு. ஒன்று: "இவ்வளவு உப்பா போடுவ?" இரண்டு: "நகரு."

ஜூன் 4

ரஸ்முஸ் அவளுக்கு இடது கையாகிவிட்டான். அவள் கத்தியைப் பிடிக்க, அவன் முள்ளங்கியைப் பிடிக்கிறான். வீட்டுப் பெரிய மாடு மாதிரி அவனை ஏவுகிறாள். "உசரமா இருந்து என்ன பிரயோசனம், கண்ணு தெரியலையா? அந்த டப்பாவை எடு." அவன் ஒன்றும் புரியாமல், ஆமா ஆமா என்கிறான். ஹிமேனா பயந்து பயந்து உள்ளே வந்தாள். நாஜுக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கறியில்லாத கிண்ணத்தைத் தனியாக எடுத்துவைத்திருந்தாள், அதைத் தள்ளினாள். நான் சொல்லவில்லை. எப்படித் தெரிந்துகொண்டாளோ.

சூப் நன்றாக இருந்தது. எழுதிவைக்கிறேன். சொல்லமாட்டேன்.

ஜூன் 5

மூன்றாம் நாள். பாத்திரம் கழுவி முடிந்ததும் கவசத்துணியை அவிழ்த்தாள். ஒற்றைக் கையால் மடிக்க முடியாமல் மேசையில் வைத்தாள்.

"முடிஞ்சுது."

"முடிஞ்சுது" என்றேன்.

அவ்வளவுதான். போகப் போனாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இத்தனை வருஷம் நெஞ்சில் கல் மாதிரி இருந்தது எடுத்தாயிற்று. அந்த இடத்தில் காற்று அடிக்கிறது. இனி அவள் யார், நான் யார்? கணக்குத் தீர்ந்த இரண்டு பேர், தெருவின் இரண்டு பக்கம்.

செருப்பை மாட்டிக்கொண்டே அவள் திரும்பாமல் சொன்னாள்:

"நாளைக்கு என் பூண்டு. பத்துப் பேரையும் அனுப்பு. ஏத்திக்கோ உன் கணக்குல."

ஜூன் 6

விடுமுறை. போரில் இறந்தவர்களுக்காகக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டு, பத்து மணிக்குச் சங்கு ஊதினபோது வயலிலேயே தலைகுனிந்து நின்றோம். பிறகு பிடுங்கினோம். பத்துப் பேரும். நானும் இறங்கினேன், அதைக் கணக்கில் சேர்க்கமாட்டேன், சும்மா கை பரபரத்தது.

நாஜுக்காரி வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையும் குறை சொன்னாள். அவள் திரும்பப் புதைத்த வரிசையையும் ஹிமேனாவே பிடுங்கினாள். இரண்டாம் தடவை பிடுங்கின பூண்டு சுலபமாக வந்தது.

சாயங்காலம் பஞ்சாயத்து: போரத்தைச் சேர்த்துப் பதினொன்றா, பத்தா? "அவ எங்க வேலை செஞ்சா? வாய்தான் செஞ்சுது" என்றாள் நாஜுக்காரி. வாயும் வேலைதான் என்றேன். பத்து என்று முடிந்தது.

ஜூன் 8

மடை திறந்தார்கள். எல்லா வயலிலும் ஒரே நாளில் வானம் தெரிந்தது.

ஜூன் 9

போய்விட்டார்கள். பேருந்து கிளம்புகிறபோது ரஸ்முஸ், அடுத்த வருஷம் வருவேன் என்று போரத்தைச் சொல்லச் சொன்னான். எல்லோரும் இதையேதான் சொல்லுவார்கள். சொல்லிக்கொள்ளட்டும். நினைவில் வைத்திருக்கிறேன்.

போரம் கடைசியாக ஏறினாள். என் கையைப் பிடித்து, ஒருத்தன் இருக்கிறான் பாட்டி, அம்மாவுக்கு அவனைப் பிடிக்கவில்லை என்றாள். அட, இதை முதல் நாளே சொல்லியிருந்தால் யோசனை சொல்லியிருப்பேனே.

கூடத்தில் பத்துப் பூப்போட்ட காற்சட்டை காய்கிறது.

ஜூன் 27

மழை. தோ அம்மாள் பேசினாள். பிள்ளைகள் கடைசியில் என்ன எழுதினார்கள் என்று படித்துக் காட்டினாள். "முதுகு வலிக்கிறது. எங்களை நன்றாகத் திட்டினார்கள். திரும்ப வர வேண்டும்."

"பாட்டிம்மா, பாதியில என்ன மாயம் பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல. கடன் குடுத்தேன்."

புரியவில்லை அவளுக்கு. ஆனால் ஒரு கொக்கி போட்டாள். அடுத்த வருஷம் பதினாறு பேர் அனுப்பலாமாம், கூடத்தில் நெருக்கியடித்துப் படுக்கவைக்காமல் தனி இடம் இருந்தால். இடத்துக்கு எங்கே போவேன்?

ஆகஸ்ட் 18

என்னை வாழவிடமாட்டேன் என்கிறார்கள். பேக் கிழவர் வந்து நிற்கிறார்: "வேலை குடு, திருப்பணும்." வாண்டோக்காரி வந்து நிற்கிறாள். என் கையகல நிலத்தில் களை என்று ஒன்று முளைக்கவே பயப்படுகிறது. கூரை மாற்றிவிட்டார்கள். சுவர் பூசிவிட்டார்கள். இன்னும் மலை மாதிரி ஆள்கணக்கு நிற்கிறது.

இன்று குளிக்கிறபோது தோன்றியது. கூடத்துக்குப் பக்கத்து வீடு சும்மா பாழடைந்துதானே கிடக்கிறது? சொந்தக்காரர் குவாங்ஜுவில் மகளோடு இருக்கிறார். போன் போட்டேன். "நின்னா நிக்கட்டும், விழுந்தா விழட்டும், எடுத்துக்குங்க" என்றார்.

நாளையிலிருந்து எல்லோரும் அங்கே வந்து கடனைக் கழிக்கட்டும். பதினாறு பேர் படுக்கலாம்.

செப்டம்பர் 14

ஆறு வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் தரை போட்டால் என்ன ஆகும்? ஆறு திசையிலும் சாய்ந்திருக்கிறது. பந்தை வைத்தால் எங்கே போகும் என்று பந்தயம் கட்டுகிறார்கள். படுக்கலாம். போதும்.

நாஜுக்காரி வரவில்லை. கட்டைப் பிரித்தாயிற்று, கை நன்றாகத்தான் இருக்கிறது. கோழியைத் துரத்துகிறதைப் பார்த்தேன். பத்து ஆள் பாக்கி. மற்ற எல்லோரும் திருப்பத் தொடங்கிவிட்டார்கள், அவள் மட்டும் மூச்சு விடவில்லை. மறுபடியுமா? கேட்கலாமா? கேட்கமாட்டேன்.

அக்டோபர் 2

இன்று என் நிலத்தில் பூண்டு நட்டேன். போகும்போது இன்னும் பனி இறங்கிக்கொண்டிருந்தது. வரப்பில் ஒரு உருவம் குந்தியிருந்தது. பக்கத்தில் சோற்றுத் தூக்கு.

"இவ்வளவு நேரமா வர்ற?" என்றாள் நாஜுக்காரி.

ஒரு கூடை பூண்டுப்பல்லை அவள் பக்கம் தள்ளினேன். அவள் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. அவள் இடது கை இன்னும் முழுக்க மடங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடுகிறாள். என் வரிசை கோணல் என்றாள். அவளுடையதுதான் கோணல். இரண்டு பேருக்கு அந்த நிலம் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. சோற்றைப் பிரித்தாள். இரண்டு கரண்டி வைத்திருந்தாள்.

தின்றுகொண்டே கேட்டேன். "மத்தவங்க எல்லாம் கூட்டமா வந்து மொத்தமா அடைச்சுட்டாங்க. நீ எப்போ?"

"நான் மொத்தமா அடைக்க மாட்டேன்."

"பின்ன?"

"வருஷத்துக்கு ஒரு நாள். பூண்டு நடறப்போ."

"பத்து நாளு பாக்கி இருக்கு. உனக்கு எழுபத்தெட்டு."

"உனக்கு எழுபத்து நாலு." கரண்டியை நக்கினாள். "அதுக்கு நான் என்ன பண்ண? கடன்பட்டவ நான். குடுத்தவ நீ. இருந்து வாங்கிக்கோ."

தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்பது பாக்கி.